ஒரு வாளி செம்மண்

நாலாவது நிமிடத்துக்கு நேரே அவள் ஒன்றும் எழுதவில்லை.

மண் இறுகுவதை அளக்கும் சோதனை அது. ஈரக் களிமண்ணை ஒரு வளையத்துக்குள் அடைத்து, மேலே எடையை வைத்து, அது எவ்வளவு அமுங்குகிறது என்று முள்ளைப் பார்த்து எழுத வேண்டும். கால் நிமிடம், அரை நிமிடம், ஒன்று, இரண்டு, நாலு, எட்டு, பதினைந்து என்று இடைவெளி நீண்டுகொண்டே போகும். கடைசி அளவு மறுநாள் அதே மணிக்கு. களிமண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் அவ்வளவு மெதுவாகத்தான் வெளியே வரும். மலேசியாவில், ஈப்போவில் நாங்கள் படித்த தொழில்நுட்பக் கல்லூரியில் இதை இரண்டிரண்டு பேராகச் செய்ய வேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவள் அவள்.

மூன்றரை நிமிடத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், மதியம் கேண்டீனில் சாப்பிடலாமா, வெளியே போகலாமா என்று கேட்டேன். அவள் திரும்பி, "வெளியவே போலாம்" என்றாள். மறுபடி முள்ளைப் பார்த்தபோது நாலு நிமிடம் தாண்டியிருந்தது.

"ரெண்டுக்கும் எட்டுக்கும் நடுவுல ஒன்னு போடுலா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"நான் பாக்கலையே."

"முள்ளு அங்கதானே போயிருக்கும்? வேற எங்க போவும்?"

"போயிருக்கும். நான் பாக்கல."

என் தாளில் நான் ஓர் எண்ணைப் போட்டேன். அழகான எண். வளைகோடு வழுக்கிக்கொண்டு இறங்கியது. விரிவுரையாளர் எனக்கு முழு மதிப்பெண் போட்டு, ஓரத்தில் 'சுத்தமான வேலை' என்று மலாயில் எழுதிக் கொடுத்தார். அவளுக்கு இரண்டு மதிப்பெண் குறைந்தது. ஏன் காலியாக விட்டாய் என்று அவர் கேட்டதற்கும் அதே பதில்தான்: "நான் அப்ப பாக்கல சார்."

அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்குப் பெயர் கோசோங். மலாயில் காலி என்று அர்த்தம். ஒன்றும் வைக்காத ரொட்டியை, சீனி போடாத தேநீரை அப்படித்தான் கேட்போம். அவளுக்குக் கோபமே வரவில்லை. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் நான் "ரொட்டி கோசோங் ரெண்டு" என்று சொன்னால், "ஒன்னு நானு, இன்னொன்னு யாருலா?" என்பாள். அவளுடைய உண்மையான பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவளைக் கேட்காமல் எழுதினால் அவளுக்குப் பிடிக்காது.

விடுதியில் சேர்வதற்கான பாரத்தை அவள் நிரப்பிய கதையைக் கல்லூரி அலுவலகத்தில் வெகு நாள் பேசினார்கள். அப்பாவின் பிறந்த தேதி என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. குமாஸ்தா அம்மாள் பாரத்தைத் திருப்பிக் கொடுத்து, அடையாள அட்டையில் இருக்குமே, பார்த்து எழுது என்றார்.

"அது கிராணி போட்ட தேதி" என்றாள் இவள்.

பக்கத்தில் நின்ற எனக்குத் தலையைச் சுற்றியது. வெளியே வந்ததும் விளக்கினாள். அவள் குடும்பம் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. பிள்ளை எப்போது பிறந்தது என்று தெரியாத தாய் தகப்பன் வந்து நின்றால், கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், தனக்குத் தோன்றிய தேதியைப் பதிந்துவிடுவாராம்.

"எங்க லயத்து வீடுகள்ல பாதிப் பேரு ஜனவரி ஒன்னாந்தேதி பொறந்தவங்க. அத்தனை பேருக்கும் ஒரே நாள்ல வலி எடுத்துச்சா? கிராணி பாத்தாரா?"

"அதுக்காக? பாரத்துல ஒன்னாந்தேதின்னு போட்டுட்டுப் போலாம்ல?"

"அவரு போட்டதுக்கு நானும் போடணுமா?"

கடைசியில் குமாஸ்தா அம்மாளே பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். விடுதியில் இடம் கிடைத்தது.

முரட்டுப் பிடிவாதக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். மறதி அவளுக்கும் உண்டு. ஒருமுறை ஈர மண் வைத்த தகர டப்பாவின் எடையை எழுத மறந்துவிட்டாள். மறுநாள் வந்து டப்பாவை எடை போட்டு, எண்ணை எழுதி, பக்கத்தில் மறுநாள் தேதியையும் மணியையும் போட்டாள். நேற்றைய தாளில் இன்றைய தேதி எதற்கு, அசிங்கமாக இருக்கிறதே என்றேன்.

"லேட்டா எழுதுனா தப்பில்லலா. எழுதுன தேதியப் போடணும். போடலன்னா அப்பவே எழுதுன மாதிரி ஆயிடும்."

இதைப் பெரிய உபதேசமாகச் சொல்லவில்லை. வாயில் ரப்பர் பேண்டைக் கவ்விக்கொண்டு, தலைமுடியை அள்ளிக் கட்டியபடி சொன்னாள். எனக்கு அந்த ரப்பர் பேண்ட்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

இன்னொரு சோதனையும் உண்டு. ஈர மண்ணைக் கண்ணாடித் தட்டில் வைத்து உள்ளங்கையால் உருட்டித் திரியாக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்கு வரும்போது திரி உடைய ஆரம்பித்தால், அந்த மண்ணில் எவ்வளவு ஈரம் என்று அளந்துகொள்வோம். என் திரிகள் ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் இளைத்துப் புழுப் போல நெளியும். அவள் திரிகள் ஒன்றுபோல வரும். விரல்களை விரித்து, அழுத்தாமல், முன்னும் பின்னும் உருட்டுவாள். நான் மண்ணைப் பார்க்கவில்லை, விரல்களைத்தான் பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்து அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஒருநாள் விரிவுரையாளர் எல்லோருக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு மண்ணைக் கொடுத்து உருட்டச் சொன்னார். பழைய ஈயலம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், ஈயத்தைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சிய மணல். ஈப்போவைச் சுற்றி எங்கே தோண்டினாலும் இதுதான். வகுப்பு முழுக்க உருட்டியது, தண்ணீர் விட்டது, மறுபடி உருட்டியது. அவள் ஒரு நிமிடம் முயன்று பார்த்துவிட்டு, 'திரி வரவில்லை' என்று எழுதிக் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பதினெட்டு என்று எழுதினேன். மணலில் திரி வராது, அதுதான் சரியான விடை என்று பிறகு சொன்னார்கள். அன்று எனக்குப் பூஜ்யம். அவள் என் தாளை எடுத்துப் பார்த்து, "பதினெட்டு எங்கேருந்து வந்துச்சு?" என்று உண்மையாகவே கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

இந்தப் பெண்ணிடம் போய்த்தான் நான், என்னைப் பிடிக்குமா என்று கேட்டேன். ஈப்போ பஸ் நிலையத்தில், வெள்ளிக்கிழமை சாயங்காலம். அவள் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்ததால் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. இரண்டாவது முறை கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற சீனக் கிழவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை. பஸ் வரும்வரை யோசித்தாள். படியில் ஏறும்போது சொன்னாள்.

"இன்னும் தெரியலலா. தெரிஞ்சா நானே சொல்றேன்."

ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் கிளம்பும்போது சோதனைக்கூட நோட்டைக் கண்ணாடியில் ஒட்டி ஆட்டிக் காட்டினாள். நான் நனைந்துகொண்டே அறைக்கு நடந்தேன். வழக்கம்போல அந்தக் காலி இடத்தை நானே நிரப்பிக்கொண்டேன். ஆமாம் என்று.

கடைசி வருஷத் தொடக்கத்தில் அவர்கள் தோட்டத்தை நிர்வாகம் விற்றுவிட்டது. ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்த மாரியம்மன் கோயிலும் போயாக வேண்டும். இடத்தை வாங்கிய நிறுவனம் ஈப்போ ரோட்டில் மாற்று நிலம் கொடுத்தது. முன்பு ஈயலம்பக் குளமாக இருந்த இடம். மணலைக் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். கோயில் கமிட்டித் தலைவர் அவளுடைய அப்பா. ரப்பர் பால் வெட்டிய கை, இப்போது டவுனில் ஒரு பேரங்காடியில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, பார்த்தது.

மண்ணைக் கொட்டினால் போதாது, உருளையால் அடுக்கடுக்காக இறுக்கியிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். "சனிக்கிழமை கூட வர்றியா? மணல் டெஸ்ட் போட்டுப் பாக்கலாம்" என்று கேட்டாள். எமனுடைய வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பேன்.

மணல் டெஸ்ட் எளிமையானது. சின்னக் குழி தோண்டி, எடுத்த மண்ணை எடை போட வேண்டும். பிறகு எடை தெரிந்த காய்ந்த மணலை அந்தக் குழிக்குள் ஊற்றினால், குழியின் கொள்ளளவு தெரியும். இரண்டையும் வைத்து மண் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று கணக்குப் போடலாம். சோதனைக்கூடத்தில் நன்றாக இடித்து இறுக்கிய மண்ணை நூறு என்று வைத்தால், இங்கே தொண்ணூற்றைந்தாவது வர வேண்டும். மூன்று இடத்தில் போட்டோம். எண்பத்தாறைத் தாண்டவில்லை.

"இது ஒக்காந்துடும்" என்றாள். "மேல இருக்குறத அள்ளிட்டு, திரும்ப அடுக்கடுக்கா உருட்டணும்."

உருளை வண்டி இன்னும் அங்கேயேதான் நின்றது. அடுத்த வாரம் வேறு இடத்துக்குப் போகிறதாம். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சீன மேற்பார்வையாளர் நல்ல மனிதர். கமிட்டித் தலைவர் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தால் திரும்ப உருட்டித் தருகிறேன் என்றார். அவள் அப்பாவிடம் பேச வீட்டுக்குப் போனாள். நான் பஸ் ஏறினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நிலத்துக்குப் பூஜை. புது இடத்தில் கோயிலோ வீடோ கட்டுமுன் ஒரு முழ ஆழத்துக்கு, ஒரு முழ அகலத்துக்குக் குழி தோண்டுவார்கள். பூசாரி பூவும் தண்ணீரும் விட்ட பிறகு, எடுத்த மண்ணையே மிதித்து மிதித்துக் குழிக்குள் போடுவார்கள். மண் மிஞ்சிக் குவிந்தால் நல்ல இடம். குழி நிறையாமல் போனால் ஆகாத இடம்.

நான் போனதும் அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க மண்ணுப் படிப்புப் படிக்கிறவங்க. குழி நெறையும்ல?"

பூசாரி வந்துவிட்டாரா என்று பேச்சை மாற்றினேன்.

"எட்டு மாசமா மாரியம்மா தகரக் கொட்டகையில ஒக்காந்திருக்கா தம்பி. மழையில ஒழுகுது."

குழி தோண்டிச் சாம்பல் மணலை ஒரு நீலத் தார்பாயில் குவித்தார்கள். பார்த்த மாத்திரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவு தளர்ந்த மணல், தண்ணீர் விட்டு மிதித்தால் கீழே இறங்கிவிடும். குழி நிறையாது. பூசாரி பூஜையை முடித்து, மண்ணைப் போடும் நல்ல நேரத்துக்கு இன்னும் கால் மணி இருக்கிறது என்றதும் எல்லோரும் கொட்டகைப் பக்கம் தேநீர் குடிக்கப் போனார்கள். பெண்கள் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். சாலை போடுவதற்காக இறக்கிய செம்மண் பத்தடி தள்ளிக் குவிந்து கிடந்தது. கலசத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாளி காலியாக இருந்தது.

நான் சுற்றிலும் பார்த்தேன். யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. ஒரு வாளி செம்மண்ணை அள்ளி வந்து, தார்பாயில் மணலுக்கு அடியில் தள்ளி, மேலே மணலை இழுத்து மூடினேன். அந்த மனிதர் சிரிக்க வேண்டும், நாளைக்கு அவர் மகளைக் கேட்கப் போகும்போது என் முகத்தை நல்ல நாளோடு சேர்த்து நினைக்க வேண்டும். அவ்வளவுதான் என் யோசனை. நாலாவது நிமிடத்துக்கு ஓர் எண்ணைப் போட்ட அதே கை.

குழி நிறைந்து, அதற்கு மேலும் ஒரு சாண் குவிந்தது. "அம்மா ஏத்துக்கிட்டா" என்று யாரோ சொல்ல, பெண்கள் குலவையிட்டார்கள். அவள் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பெருமையாக நின்றேன்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குனிந்து, குவியலின் ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். சிவப்பாக, மெல்லியதாக ஒரு திரி வந்தது. அதை அப்படியே ஏந்திக்கொண்டு அப்பாவிடம் சொன்னாள்.

"அப்பா, மணல்ல திரி வராது. குழிய இன்னொரு தடவ தோண்டிப் பாருங்க."

பூசாரி முகம் சுளித்தார். நிறைந்த குழியைத் தோண்டுவது அபசகுனம் என்றார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அப்பா அவளை அதட்டி அனுப்பினார். போகும்போது அவள் என் கைகளைப் பார்த்தாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை சோதனைக்கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"சனிக்கிழமையே அப்பாகிட்ட நம்பரச் சொன்னேன்" என்றாள். "அவருக்கு மெசினு மேல நம்பிக்கையில்ல. நம்ப ஆளுங்க குழியும் இதே டெஸ்ட்தான்பா, மணலுக்குப் பதிலா அதே மண்ணப் போடுறோம்னு சொன்னேன். சரி, குழி கொறஞ்சா கடிதம் எழுதித் தாரேன்னு சத்தியம் பண்ணாரு."

குழி குறைந்திருந்தால் அவள் ஜெயித்திருப்பாள். அவளை ஜெயிக்க விடாமல் செய்தது நான்.

அவள் எடைக்கல்லை எடுத்துத் துடைத்து வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"நேத்து குழிகிட்ட நீ ஏதாச்சும் பாத்தியா?"

உருளை வண்டி இன்னும் அங்கேதான் நின்றது. ஒரு வார்த்தை போதும்.

"பாக்கல" என்றேன்.

"சரி" என்றாள்.

அவள் சண்டை போடவில்லை. கடைசிவரை என்னோடுதான் சோதனைகளைச் செய்தாள். முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்வாள், நான் எழுதுவேன். ரொட்டிக் கடைக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பாள். பஸ் நிலையத்தில் தெரிந்தால் சொல்கிறேன் என்றாளே, அது அப்படியே நின்றுவிட்டது. தேர்வு முடிந்ததும் சரவாக்கில், சிபுவில், சதுப்பு நிலத்தில் சாலை போடும் வேலைக்குப் போய்விட்டாள். அங்கேயே கல்யாணம், இரண்டு பிள்ளைகள் என்று யாரோ சொன்னார்கள். கோயில் கட்டி முடித்த செய்தியையும் கேட்டேன். திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை.

பதினாலு வருஷம் ஆகிவிட்டது. இப்போது நான் ஈப்போவில் மண் பரிசோதனை வேலைதான் செய்கிறேன். வருகிற அறிக்கையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும், பையன்களைக் கூப்பிட்டு உலுக்குவேன். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம் வேலை அதிகம் என்பேன். அதுவும் பதினெட்டு மாதிரி ஒரு பதில்தான். அவளை நினைக்காத நாளே இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால், எண்ணிப் பார்த்தியா என்று கேட்பாள். எண்ணவில்லை. ஆனால் மழைக்குத் தகரக் கூரையடியில் ஒதுங்கும்போதெல்லாம் நினைக்கிறேன். யாராவது வாயில் ரப்பர் பேண்டைக் கவ்விக்கொண்டு முடி கட்டினால் நினைக்கிறேன். ஒரு தடவை பார்த்தால் போதும் என்று தோன்றும். பார்த்து என்ன சொல்வேன் என்று யோசித்தால் அந்த ஆசையை அதோடு நிறுத்திக்கொள்வேன்.

போன மாதம் அவள் அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். என் எண் எப்படியோ கிடைத்திருக்கிறது.

"தம்பி, கோயிலு செவுரு வெடிச்சுக்கிட்டே இருக்கு. கும்பாபிசேகம் வருது. வந்து பாக்குறீங்களா?"

போனேன். குழி தோண்டிய மூலை கீழே இறங்கியிருந்தது. சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். வருஷா வருஷம் சிமெண்டு பூசிச் சாயம் அடித்திருந்தார்கள். விரிசல் அந்தச் சாயத்தையும் பிளந்துகொண்டு மேலே போயிருந்தது. அவருக்கு நன்றாக வயதாகிவிட்டது. முன்மண்டபத்தில் என்னை உட்கார வைத்து, தானும் உட்கார்ந்தார்.

"குழி நெறஞ்சிச்சு தம்பி. நீங்களும் இருந்தீங்கள்ல? அப்புறம் ஏன் வெடிக்குது? நான்தான் அம்மாவுக்கு ஏதோ கொற வச்சுட்டேன். தெனமும் மன்னிப்புக் கேக்குறேன். என்ன கொறன்னு தெரியல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து மகதான் குதிச்சா. செம்மண்ணு கலந்திருக்கு, யாரோ போட்டாங்கன்னா. யாரு போட்டது, நீ பாத்தியான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம நின்னா. அப்புறம், பாக்கலன்னா. பாக்காததப் பேசாதன்னு நீதானம்மா சொல்லுவ, அப்பப் பேசாதன்னு சொல்லிட்டேன். அவ பொய் சொல்ல மாட்டா தம்பி. அதனால நம்பிட்டேன்."

எழுந்து போய், கற்பூரமும் எண்ணெயும் வைக்கும் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார். நீல அட்டை. பஸ் கண்ணாடியில் ஒட்டி ஆட்டிய நோட்டு.

"வீட்டுல விட்டுட்டுப் போனது. இங்கிலீசு, எனக்குப் படிக்கத் தெரியாது. இந்த மண்ணப் பத்தி எழுதியிருப்பா. ஒங்களுக்கு ஒதவும்."

சனிக்கிழமைப் பக்கத்தில் மூன்று குழிகளின் கணக்கு. அடுத்த பக்கம் ஞாயிற்றுக்கிழமை. எல்லாத் தாளிலும் போடுவது போல நாலு கட்டம் கிழித்திருந்தாள். நேரம், செய்தது, செய்தவர், பார்த்தவர். குழி தோண்டியது எட்டு ஐம்பது, செய்தவர் கமிட்டி. பூஜை ஒன்பது இருபது, செய்தவர் பூசாரி. அதற்குக் கீழே ஒன்பது நாற்பது. 'செம்மண், ஒரு வாளி, மணலுக்கு அடியில்.' பார்த்தவர் என்ற கட்டத்தில் அவளுடைய கையெழுத்து இருந்தது. செய்தவர் என்ற கட்டம் காலி.

அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் அப்பாவிடம் பார்க்கவில்லை என்றாள். எனக்குத் தெரிந்து அவள் சொன்ன ஒரே பொய். அதற்கு மறுநாள்தான் எடைக்கல்லைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள், நானும் அதே வார்த்தையைச் சொன்னேன். அதற்குப் பிறகும் அவள் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று தெரியவில்லை. பிடித்திருந்ததாலா, வெறுத்துப் போனதாலா, தன் பொய்யை ஒத்துக்கொள்ள முடியாமலா? இந்த ஒன்றை மட்டும் நான் நிரப்பப்போவதில்லை.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். காலிக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்பதால் வாயாலும் சொன்னேன்.

"ஒரு வாளி செம்மண்ண நான்தான் அங்கிள் போட்டேன். ஒங்க மக பாத்திருக்கு. பேரச் சொல்லல, ஏன்னு தெரியல."

அவர் என் பெயர் இருந்த கட்டத்தை விரலால் தடவினார். வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"பதினாலு வருசமா நான் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தேனே தம்பி" என்றார் கடைசியில். "யாரு செஞ்சதுக்குன்னு தெரியாமலே கேட்டிருக்கேன்."

அவர் என்னை அடித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். விரிசலைப் பார்த்துவிட்டு, "இப்ப என்ன செய்யணும்?" என்றார்.

"பூச வேணாம் அங்கிள். இந்த மூலையத் தோண்டணும். தாங்கிக் கட்டணும். நானே நின்னு செய்றேன்."

"தோண்டுவோம்" என்றார்.

பிறகு தன் கைத்தொலைபேசியை எடுத்தார். மெதுவாக ஒவ்வொரு பொத்தானாகத் தேடி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தார். யாருக்கு அனுப்புகிறார் என்று நான் கேட்கவில்லை. தரையில் எங்கள் இருவருக்கும் நடுவில் தொலைபேசியை வைத்தார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் நிமிடம், அரை நிமிடம், ஒன்று, இரண்டு. நாலாவது நிமிடத்தில் அது ஒளிர்ந்தது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தமிழில் வந்திருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"'எழுதுன தேதியப் போடலையே'ன்னு கேக்குறா தம்பி."

நான் நோட்டை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். கண் மறைத்ததால் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருந்தது. பிறகு என் பெயருக்குப் பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டேன். மணியைப் பார்த்து, அதையும் எழுதினேன்.